ஆறுமணிக்குருவிக்கு வால் எங்கே?

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃபிளக்ஸ் வந்து கை சும்மா ஆன பிறகுதான் பறவைகளை வரைய, புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊசுட்டேரிப் பக்கம் போக ஆரம்பித்தேன். அபூர்வமான பறவைகளை எப்படி வரைவது என்று கேட்டு வருகிறவர்களிடம், "ஆறு மாசம் காக்கா வரைஞ்சிட்டு வாங்க" என்பேன். பாதிப் பேர் அதோடு திரும்பி வருவதில்லை. ஆனால் அபூர்வப் பறவை நமக்காக நிற்காது. அது வரும்போது கை பழகியிருக்க வேண்டும்; அந்தப் பழக்கத்தைக் காக்கையும் மைனாவும் கொக்கும்தான் தரும்.

கொக்கின் காலில் பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரியாதவரை என் நாரைகள் எல்லாம் குப்புற விழப்போவது போலவே நின்றன.

ஏரிக்கு நவம்பரிலிருந்து போகலாம். மழைத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது வாத்துகளும் நாமக்கோழிகளும் கிடைக்கும். பிப்ரவரி வாக்கில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வரும். வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். எட்டு மடங்கு பைனாகுலர் போதும், பத்து மடங்கில் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பென்சில் 2பி. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பத்து எண்ணும்வரை பாருங்கள். பைனாகுலரை இறக்குங்கள். மறுபடி பார்க்காமல் வரையுங்கள். முதலில் உடம்பு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று ஒரே கோடு, அதன்மேல் முட்டை, முட்டைமேல் தலை, அப்புறம் மூக்கு. நிறத்தைத் தீட்ட நேரம் இருக்காது, ஓரத்தில் எழுதிவிடுங்கள். 'நனைந்த வேப்பிலைப் பச்சை' என்று எழுதினால் வீட்டுக்கு வந்தபின் புரியும், வெறும் 'பச்சை' புரியாது. பறக்கிறதா? கழுத்தை மடக்கிப் பறந்தால் செந்நாரை, சாம்பல் நாரை வகை. நீட்டிப் பறந்தால் நத்தைகுத்தி நாரையோ கரண்டிவாயனோ. நத்தைகுத்திக்கு மூக்கின் நடுவில் இடைவெளி விடும்போது ஒன்று கவனியுங்கள்: குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர், ராத்திரி முழுக்க மழை. காலையில் வில்லியனூரில் எங்கள் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து குளிருக்குத் தெற்கே வருவது. களைத்துப்போய்ச் சுவரில் மோதியிருக்கும். "கிளிக்குஞ்சாப்பா?" என்றாள் மகள். ஓட்டை போட்ட செருப்பு டப்பாவில் வைத்து மூடி, இருட்டில் விட்டேன். இப்படிக் கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். போஸ் கொடுக்க வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மாமரத்தடியில் திறந்தேன். வெளியே குதித்து நிமிர்ந்து நின்றது, இரண்டு சருகைப் புரட்டியது, வேலிக்குள் போய்விட்டது. பத்து நொடிதான். நோட்டில் ஐந்தாறு கோடு விழுந்தது. அதற்கு முன் போட்டோவைப் பார்த்துக் கட்டம் போட்டு இதே குருவியை வரைந்து, மைனாவுக்கு வைக்கிற மாதிரி வால் வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் வால் வெட்டிவிட்டது போல மொட்டையாக இருக்கிறது!

அந்தக் கோடுகளை வைத்துத்தான் படத்தை முடித்தேன். மணல்நிற வயிற்றை ஈரக் காகிதத்தில் தண்ணீராக ஓடவிட்டு, காய்ந்தபின் முதுகுப் பச்சை, கண்மேல் ஓடும் கறுப்புப் பட்டை. இறக்கையின் நீலம் இரண்டே தொடல். அடிவயிற்றுச் சிவப்பு கடைசியில். முதலில் வைத்தால் கண் வேறெங்கும் போகாது. அவுட்லைன் போடவில்லை. முப்பது வருஷம் எழுத்துக்கு அவுட்லைன் போட்ட கையை அதற்குள் அடக்கியதுதான் பெரும்பாடு.

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் "வாலை வரைய மறந்துட்டீங்களே" என்கிறார்கள்.