புகையிலையை இண்டைக்கே விடலாம், குடியை அப்பிடி விடாதேங்கோ

கனபேர் ரெண்டையும் ஒண்டாப் போட்டு "நாளையில இருந்து தொடமாட்டன்" எண்டு கோணேசர் வாசலில சத்தியம் பண்ணுவினம், நல்ல மனசுதான், ஆனா உடம்புக்கு ரெண்டும் ஒண்டில்லை. சிகரட், பீடி, சுருட்டு, வெத்திலையோட போடுற புகையிலை இதுகளை ஒரே நாளில விட்டாலும் உயிருக்கு ஆபத்து வராது. எரிச்சல் வரும், நித்திரை குழம்பும், சும்மா பசிக்கும், முதல் 3 நாள்தான் சரியான மோசம், பிறகு ரெண்டு மூண்டு கிழமையில கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்.

குடி அப்பிடி இல்லை. வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் சாராயமோ கசிப்போ (கள்ளச்சாராயம்) நிறையக் குடிக்கிற ஆள், காலம எழும்பினவுடன கை நடுங்கி அதை அடக்க ஒரு வாய் குடிக்கிற ஆள், வீட்டில தன்பாட்டில சடாரெண்டு நிப்பாட்டவே கூடாது. கடைசியாக் குடிச்சு 6 மணித்தியாலம் போனாலே நடுக்கமும் வேர்வையும் தொடங்கலாம், முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்குப் பிறகு சிலபேர் இல்லாத ஆக்களைக் கண்டு கதைப்பினம், எங்க இருக்கிறம் எண்டே தெரியாது. பேய் பிடிச்சிட்டுதெண்டு நூல் கட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, உயிர் போற விசயம் இது, உடன 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

அதால குடிக்கிற ஆக்கள் விடுறதுக்கு முதலே டொக்டரிட்டப் போகோணும். டவுன் பக்கம் எண்டால் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி, அங்கால இருக்கிற ஆக்களுக்கு மூதூர், கிண்ணியா ஆஸ்பத்திரிகள் இருக்கு, காசு கட்டத் தேவையில்லை. மனநல டொக்டரிட்ட அனுப்பினா வெக்கப்படாதேங்கோ, இது அவையின்ர வேலைதான். எவ்வளவு குடிக்கிறீங்கள் எண்டு குறைக்காமல் சொல்லுங்கோ, அதை வச்சுத்தான் குளிசையின்ர அளவைப் போட்டு நாளாக நாளாகக் குறைச்சுக்கொண்டு வருவினம், பி1 விற்றமினும் குடுப்பினம். சிகரட்டை விட ஆலோசனை வேணுமெண்டால் 1948க்கு அடியுங்கோ, மனசு தாங்கேலாமல் போனா 1926க்கு அடியுங்கோ.

உடம்பு தேறினாப் பிறகு வாற சண்டை அந்த ஒரு நேரத்தோடதான். பொழுதுபட்டு, கூலி கையில வந்து, வழமையான சிநேகிதன் ரோட்டில நிக்கிற நேரம். வள்ளம் கரைக்கு வந்து மீன் வித்த கையோட கரையில இருக்கிற மீன்வாடியில இருந்து குடிச்சுப் பழகின ஆளுக்கு அந்த இடத்தைக் கண்டாலே வாய் ஊறும். புத்திமதி சொல்லிப் பிரியோசனமில்லை, அந்த நேரத்தை மாத்தோணும். சம்மாட்டியோட (வள்ளக்காரரோட) கதைச்சு காசை மனிசியின்ர கையில குடுக்கச் சொல்லுங்கோ, வேற வழியால வீட்ட வாங்கோ, வந்தவுடன வயிறு முட்டச் சாப்பிடுங்கோ, வெறுவயித்திலதான் ஆசை கூட. சிகரட் ஆசை ஒருக்கா எழும்பினா அஞ்சு பத்து நிமிசத்தில அடங்கும், அந்த நேரத்துக்கு டச்சு பே கடற்கரையில நடந்துபோட்டு வாங்கோ. போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) பார் பூட்டெண்டு முதல்நாளே வாங்கி வைக்கிற பழக்கம் இருந்தா அந்தப் பின்னேரத்துக்கும் ஒரு வேலையைப் போட்டு வையுங்கோ.

இன்னொண்டு, சிகரட்டை விட்டாப் பிறகு தேத்தண்ணியையும் கோப்பியையும் பாதியாக் குறையுங்கோ. சிகரட் புகை கஃபீனைக் கெதியா உடம்பால வெளியேத்தும், புகை நிண்டா அதே அளவு தேத்தண்ணி கூட வேலை செய்யும், படபடப்பும் நித்திரையில்லாமையும் அதாலயும் வரலாம்.

விரதத்தைப் பற்றியும் சொல்லோணும். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் தொடாத ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர், மாலை கழட்டின அண்டைக்கே போத்தல் திறக்கிறவை எத்தினை பேர். எனக்கு இது பெரிய கவலை, ஏனெண்டால் கஷ்டமான பகுதியைத் தாண்டி முடிச்ச ஆள் அவர். நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறதுதான் பிழை. மாலை கழட்ட முதலே அண்டைக்குப் பின்னேரம் எங்க, ஆரோட இருக்கிறது எண்டு முடிவெடுங்கோ.

வீட்டு ஆக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுக் கேக்கிறன், "குடியை மறக்கடிக்கிற மருந்து" எண்டு ஆருக்கும் தெரியாமல் சாப்பாட்டில கலக்காதேங்கோ. டைசல்பிரம் எண்ட குளிசை உள்ளுக்க இருக்கேக்க குடிச்சா வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, பிரஷர் விழுந்து ஆளே போகலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டொக்டர் சொன்னா மட்டும்தான்.

விட்ட ஆள் ஒருநாள் திரும்பக் குடிச்சிட்டு வந்தா அண்டைக்குக் கத்தாதேங்கோ, படுக்க விடுங்கோ, அடுத்தநாள் காலம கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, மணம் அடிச்சாலும் பரவாயில்லை.