கெர்னலில் வரும் கம்பைலர் எச்சரிக்கையைச் சரிசெய்வது எப்படி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்ப விரும்புகிறவர்கள், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தரும் எச்சரிக்கைகளில் தொடங்கலாம். ஆனால் எச்சரிக்கையின் வாயை அடைப்பது வேறு, கோளாறைச் சரிசெய்வது வேறு.

முதல் படி: மூலநிரலை, மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் கிட் (git) மூலம் இறக்கி, எந்தப் பகுதிகளைச் சேர்ப்பது என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலை உருவாக்குங்கள். முழுக் கெர்னலையும் பில்ட் செய்ய வேண்டாம், ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இருக்கும் ஃபோல்டர் போதும். அந்த டிரைவர் கான்ஃபிகில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கம்பைலே ஆகாது.

இரண்டாவது படி: பில்டை நடத்தும் மேக் (make) கட்டளையோடு டபிள்யூ=1 (W=1) சேர்த்து ஓட்டுங்கள். வழக்கமாக அணைத்து வைத்திருக்கும் கூடுதல் எச்சரிக்கைகளும் வரும். அதையே மறுபடி ஓட்டினால் எச்சரிக்கை வராது. சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்! ஃபைல் மாறாததால் மேக் அதைத் தொடவே இல்லை.

மூன்றாவது படிதான் உண்மையான வேலை. 'ரெட்' (ret) என்ற மாறிக்கு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பயன்படுத்தவில்லை என்று எச்சரிக்கை வருகிறது என வைத்துக்கொள்வோம். மாறியை நீக்கினால் எச்சரிக்கை போய்விடும். அவசரப்படாதீர்கள். ரெட்டுக்கு மதிப்பு கொடுக்கும் அந்த வரி, சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரில் (சாதனத்தைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) எழுதுகிறது. எழுத முடியாவிட்டால் -5, அதாவது உள்ளீடு-வெளியீட்டுப் பிழை, ரெட்டில் வந்து விழுகிறது. ஆனால் ஃபங்ஷன் கடைசியில் 0, அதாவது வெற்றி, என்று திருப்பி அனுப்புகிறது. சாதனம் செத்துக் கிடந்தாலும் எல்லாம் நலம் என்கிறது! இங்கே ரெட்டைச் சோதித்து, பிழையை அப்படியே திருப்பி அனுப்புவதுதான் சரி. அதற்கு முன்னால் லாக் (ஒரே நேரத்தில் இன்னொருவர் நுழையாதபடி போடும் பூட்டு) ஏதாவது எடுத்திருந்தால், அதை விடுவித்துவிட்டு வெளியேற வேண்டும்.

அப்புறம், ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையில் அந்த வரியின் வரலாற்றைப் பாருங்கள். தவறு எந்தக் கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றம்) நுழைந்ததோ, அதன் அடையாளக் குறியான ஹாஷில் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் உங்கள் கமிட் செய்தியின் ஃபிக்ஸஸ் (Fixes:) வரியில் குறிப்பிடுங்கள்.

மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லை என்று எச்சரிக்கை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 0 கொடுப்பதும் இதே மாதிரி ஆபத்துதான். இத்தகைய எச்சரிக்கையை மறைக்கவே கெர்னலில் ஒரு மேக்ரோ (நிரலில் வேறு வரியாக விரியும் சுருக்கப்பெயர்) இருந்தது. அது உண்மையான பிழைகளையும் சேர்த்து மறைத்ததால் 2020-இல் நீக்கிவிட்டார்கள்.

கடைசியாக, ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் பில்ட் செய்து, பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் சொல்லும். கமிட் செய்தியில் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். சாதனம் கையில் இல்லாமல் கம்பைல் மட்டும் செய்திருந்தால், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.