ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் எனக்கு வழிக்கு வந்தது இப்படித்தான்

நம்ம மார்த்தாண்டம், தக்கலை பக்கம் நர்சிங் முடிச்ச பிள்ளைங்களுக்கு, வெளிநாடு போக எழுதுற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்ல ஸ்பீக்கிங், ரீடிங் எல்லாம் எப்படியாவது வந்துரும், ரைட்டிங்தான் இழுக்கும். யூகே-ல நர்ஸ்மார பதிவு பண்ணுற கவுன்சிலான என்எம்சி மத்ததுல 7 கேக்கும், ரைட்டிங்ல 6.5 போதும், அதுவே எனக்கு எட்டாம கெடந்துது. மார்க்குல வொகாபுலரி கால்வாசிதான், கிராமருக்கும் அதே கால்வாசி உண்டும், அதனால வேர்ட் லிஸ்ட்ட ஓரமா வச்சுட்டு கிராமர்ல எறங்கிட்டேன்.

டூட்டி முடிச்சு வந்து வார்டுல நடந்தத ஒரு பாரா எழுதுவேன், அப்புறம் சிவப்பு பேனால வெர்ப்ப மட்டும் வட்டம் போட்டு பாப்பேன். நாம "2019-ல இருந்து வேலை பாக்கேன்"னு சொல்லி பழகுனதால கை தானா 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2019'னு போவும், அங்க 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வரணும். மறுநாள் எ, ஆன், தி மட்டும். ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு, அதாக்கும் முக்கியம்.

'டோன்ட்', 'கான்ட்' மாதிரி சுருக்கம் எல்லாம் விட்டுட்டு முழுசா எழுதுங்க. டாஸ்க் 2-ங்கிற கட்டுரைக்கு டாஸ்க் 1-ஐ விட ரெண்டு மடங்கு வெயிட்டேஜ், 250 வார்த்தைக்கு 40 நிமிஷம், அதுல கடைசி அஞ்சு நிமிஷத்த வெர்ப் செக் பண்ணவே வச்சுக்கிடுங்க. எனக்கு இந்த தடவ 7 வந்துட்டு, அவ்வளவு சந்தோஷம்.