பிள்ளைகளுக்கு முதல் செஸ் போட்டி நடத்தப் போகிறீர்களா?

செஸ் வகுப்பு தொடங்கிச் சில மாதங்கள் போனாலே பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "டோர்னமென்ட் எப்போ சார்?" 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-இல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். கேட்காமல் இருப்பார்களா?

என் முதல் போட்டிக்குப் பரிசளிப்பு மாலை 5 மணி என்று நோட்டீஸ் அடித்தேன். முடிந்தது எட்டரைக்கு. வந்தது வெறும் 41 பிள்ளைகள்! அன்று கற்றதுதான் கீழே இருப்பது.

1. முதல் வேலை வகுப்பில்

தாமதத்துக்குப் பெரிய காரணம் கடிகாரம் அல்ல, முடிக்கத் தெரியாத பிள்ளை. கையில் இரண்டு ராணி இருக்கும், எதிரே தனி ராஜா. பலகை முழுக்கத் துரத்திவிட்டு, கடைசியில் ஸ்டேல்மேட்: எதிர் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. ராஜாவும் ராணியும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்ய, சரியாக ஆடினால் அதிகபட்சம் 10 நகர்த்தல் போதும். பிள்ளைகள் 20-இல் முடித்தாலே போதும். வாரம் பத்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஓப்பனிங் எல்லாம் அப்புறம்.

2. நாக் அவுட் வேண்டாம், ஸ்விஸ் வையுங்கள்

நாக் அவுட்டில் பாதிப் பிள்ளைகள் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்விஸ் முறையில் எல்லோரும் எல்லா ரவுண்டும் ஆடுவார்கள். கிட்டத்தட்ட ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள், ஒரே ஜோடி இரண்டாம் முறை வராது. 64 பேர் வரை 6 ரவுண்ட் போதும். பேரிங்கை, அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியலை, கையால் போட முயலாதீர்கள், ஸ்விஸ் மேனேஜர் போன்ற மென்பொருள் இருக்கிறது.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒருவருக்கு 'பை' விழும், அதாவது அந்த ரவுண்டில் எதிராளி இல்லை. ஒரு முழுப் புள்ளி கிடைக்கும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி. "எனக்கு மட்டும் ஏன் ஆளில்லை?" என்று கண் கலங்கி நிற்கும். ஒரு பலகையைத் தனியாக வைத்து நீங்களோ மூத்த மாணவரோ அதனோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடுங்கள்.

3. வயதுப் பிரிவு

2026-இல் 10 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு என்றால், 1.1.2016 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் நகலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதல் போட்டியை ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான அதிகாரபூர்வ மதிப்பெண்) இல்லாமல் வைப்பதே நல்லது.

4. நேரம்

ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல் என்று வைத்தால், 60 நகர்த்தல் போகும் ஆட்டம் 40 நிமிடம் எடுக்கும். ரவுண்டுக்கு 50 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். ஆறுக்கு 5 மணி நேரம், சாப்பாட்டு நேரம் தனி. எல்லா போர்டுக்கும் கடிகாரம் இல்லையா? 30 நிமிடம் கழித்தும் முடியாத போர்டுகளில் மட்டும் ஆளுக்கு 5 நிமிடம் வைத்துக் கடிகாரத்தை இறக்குங்கள். இதைக் காலையிலேயே அறிவித்துவிட வேண்டும்.

கூடுதல் ராணிகளும் கைவசம் இருக்கட்டும். சிப்பாய் கடைசிக் கட்டம் போனதும் யானையைத் தலைகீழாக வைத்து "இதுதான் ராணி" என்பார்கள். விதிப்படி அது யானைதான்.

5. முடிவு எழுதும் இடம்

என்னை மாட்டிவிட்டது இதுதான். மூன்றாம் ரவுண்டில் இரண்டு பையன்கள் மேசைக்கு வந்து, இருவருமே "நான்தான் ஜெயிச்சேன்" என்றார்கள். போய்ப் பார்த்தால் காய்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது? ஒரு போர்டு முடிவு வராமல் அடுத்த பேரிங் போட முடியாது. அரை மணி நேரம் அரங்கமே காத்திருந்தது.

இப்போது என் விதி எளிது: ஆட்டம் முடிந்ததும் காயைத் தொடக் கூடாது. இருவரும் கை தூக்க வேண்டும். ஆர்பிட்டர் (நடுவர்) வந்து நிலையைப் பார்த்து, சீட்டில் முடிவை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குவார். அதன் பிறகுதான் அடுக்கலாம். பத்து போர்டுக்கு ஒருவராவது சுற்றி வர வேண்டும்.

பெற்றோர் அரங்குக்கு வெளியே. இதில் தாட்சண்யமே பார்க்காதீர்கள். ஒரு அப்பா தொண்டையைச் செருமினால்கூடப் பிள்ளை கை வைத்த காயிலிருந்து கையை எடுத்துவிடும். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்ற விதி அப்புறம் எங்கே நிற்கும்?

6. பரிசுக்கு முன்

மூன்று பேர் 5 புள்ளியில் நிற்பார்கள், கோப்பை ஒன்றுதான். புக்ஹோல்ஸ் முறையில், அவரவரை எதிர்த்து ஆடியவர்கள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். பலமானவர்களோடு மோதியவர் மேலே போவார். இதை நோட்டீஸிலேயே போடுங்கள். பரிசு கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே அந்தக் கணக்கோடு இறுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால், "எங்க பையனும் அஞ்சு பாயிண்ட்தானே சார்?" என்பவர்களை அங்கே கூட்டிப் போய் விரல் வைத்துக் காட்டலாம்.