சொசைட்டி மீட்டிங்கில் ஜெயிக்கிற மாதிரி பேசுவது எப்படி?

மும்பையில் பழைய கட்டடத்தில் சொந்த வீடு இருந்தால் போதும், ரீடெவலப்மென்ட் பேச்சு, அதாவது பில்டரை வைத்துக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு, என்றைக்காவது வாசலுக்கு வந்துவிடும். செம்பூர் சேடா நகரில் எங்கள் சொசைட்டி (வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கம்) கமிட்டியில் நானும் ஒருத்தி. தமிழ், மராத்தி, குஜராத்தி என்று ஆளுக்கொரு பாஷையில் கத்திவிட்டு, ஒன்றும் முடிவாகாமல் வீடு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மீட்டிங்குக்கு முந்தின நாளே, சொல்ல வேண்டியதை மூன்று வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறேன், ஏன் சொல்கிறேன், எதைப் பார்த்துச் சொல்கிறேன். மணிமேகலை 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்றுத்தரும் முறை இது. இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று இவற்றுக்குப் பெயர். இந்த மூன்றும் எப்படியெல்லாம் போலியாகும் என்று சாத்தனார் நீளமாகப் பட்டியலும் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியோடு நிறுத்திவிட்டார்களே என்று எனக்கு இன்னமும் வருத்தம்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். 'ரிப்பேர் போதாது, இடித்துத்தான் கட்ட வேண்டும். ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டில் (கட்டடத்தின் உறுதியைச் சோதித்த அறிக்கையில்) தூண்கள் பலவீனம் என்று வந்திருக்கிறது. பி விங் தூணைப் பாருங்கள், பூசிய பிறகும் கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிர்கிறது.' இவ்வளவு போதும், உட்கார்ந்துவிடலாம்.

அடுத்தவர் பேசும்போதும் அதே மூன்று வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் ஓட்டை மூன்றாவது வரியில்தான் இருக்கும். 'பக்கத்து சொசைட்டிக்கு 40 சதவீதம் கூடுதல் இடம் கொடுத்தார்கள், நமக்கும் கொடுப்பார்கள்' என்பார் ஒருவர். அவர்கள் மனை எவ்வளவு, முன்னால் இருக்கும் ரோடு எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். மும்பையில் ரோட்டின் அகலத்தைப் பொறுத்து எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, மாறும். அவர்கள் மெயின் ரோட்டில், நாம் சந்துக்குள் என்றால் அந்த உதாரணம் நமக்குப் பொருந்தாது.

இதைவிட ஆபத்தானது, பேச்சின் நடுவே ஒரே வார்த்தை அர்த்தம் மாறிப்போவது. பில்டரின் ஆள் '600 சதுர அடி' என்று ஆரம்பிப்பார். நமக்கு இப்போது இருப்பது 450 கார்பெட் (வீட்டுக்குள் புழங்கும் இடம்) என்று வையுங்கள். 150 கூடுதல் என்று எல்லோரும் மனசுக்குள் சோபாவை நகர்த்திப் போட்டுவிடுவார்கள். அவர் சொன்ன 600, வெளிச்சுவரையும் சேர்த்த பில்ட்அப் கணக்காக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர் வராது, பால்கனி வராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் வரும். அதனால் 'ரேரா கார்பெட் எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்' என்று மட்டும் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம். பதில் வரும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

மற்றவை எல்லாம் பழகின தந்திரங்கள். பில்டர் சொன்னபடி செய்யாவிட்டால் பேங்க் பணம் தரும் என்ற பேங்க் கேரண்டி கேட்டால், 'அப்போ உங்களுக்கு ரீடெவலப்மென்டே வேண்டாமா?' என்பார்கள், நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக்கி அதை அடிப்பது. 'இந்த பில்டரை விட்டால் கட்டடம் தலையில் விழும்' என்பார்கள். வேறு நாலு பேரிடம் டெண்டர் கேட்கும் வழியை மறைத்துவிட்டு இரண்டே வழி காட்டுவது. 'நீங்க ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு வாஷியில இருக்கீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?' என்றால், 'ஆமாம், வாஷியிலதான் இருக்கேன். கேரண்டிக்குப் பதில் சொல்லுங்க' என்று நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் ஆளைப் பற்றிய கேள்வி எல்லாமே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 'என்னை நம்புங்கள்' என்று கன்சல்டன்ட் சொன்னால், பில்டரிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வருகிறதா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அப்புறம், கூட்டத்தில் எழுந்து 'இது தருக்கப் பிழை' என்று அறிவிக்க வேண்டாம். இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த பையன்களுக்கு அந்த ஆசை உண்டு. பிழை செய்தவர் அதற்குப் பிறகு ஏழு ஜென்மத்துக்கும் உங்கள் பக்கம் வரமாட்டார்.

பேசுகிறவரின் நம்பகம், கேட்கிறவரின் மனநிலை, வாதத்தின் பலம் என்று இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார் அரிஸ்டாட்டில். எங்கள் கட்டடத்தில் முதலாவதைச் சம்பாதிக்க, மெயின்டெனன்ஸ் பாக்கி இல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவதைத்தான் அலட்சியம் செய்கிறோம். மூணாவது மாடி மாமி 'திரும்பி வர நான் இருப்பேனோ என்னவோ' என்றால், அதை எண்களால் மடக்காதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடியும்வரை வெளியே இருக்க வாடகைப் பணம் மாதாமாதம் யார் தருவார்கள், கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைக்குமா, கட்டி முடிக்கத் தாமதமானால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. மூன்றுமே அக்ரிமென்ட் போடுவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவை.

மகாராஷ்டிர அரசு 2019-ல் வெளியிட்ட ஆணைக்குப் பிறகு, ரீடெவலப்மென்டுக்கு மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் சம்மதித்தால் போதும். சட்டத்துக்கு அது போதும். ஆனால் மீதிப்பேர் வீட்டைக் காலி செய்யாமல் கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால் எதிர்க்கிறவர்கள் வீட்டுக்கு மீட்டிங்குக்கு முன்பே போய்விடுங்கள், ஒருவர் ஒருவராக, காபி வேளையில். 'எது மாறினால் நீங்கள் சம்மதிப்பீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொன்னால், அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள். 'எது மாறினாலும் மாட்டேன்' என்றால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த மாடிக்குப் போங்கள்.