கேபின் சுவரில் கீசர் புகைக்குழாய்: ஏற்காட்டு மழையில் ஒழுகாமல் பொருத்துவது எப்படி

கேஸ் கீசருக்குக் கீழே பிளைவுட் உப்பி, பழுப்புக் கறை இறங்கியிருக்கிறதா? உடனே சிலிக்கான் துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள். ஏற்காட்டில் எஸ்டேட் ஓரங்களில் நிற்கும் தகர கேபின்களிலும் கன்டெய்னர் அறைகளிலும் இந்தக் கறைக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: சுவரில் குழாய்த் துளையை மூடும் தகட்டுக்குப் பின்னால் இறங்கும் மழை, குழாய் வாய்க்குள் அடிக்கும் சாரல், குழாய்க்குள்ளேயே உருவாகும் தண்ணீர். மூன்றாவதற்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை.

அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். எல்பிஜி எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். 1 கிலோ கேஸ் எரிந்து முடிந்தால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று கூடுதலான தண்ணீர் ஆவியாகப் போகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள், கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கும் மேல். டிசம்பர் குளிரில் புகைக்குழாய் நீளமாக இருந்தால், அந்த ஆவியில் ஒரு பங்கு குழாய்ச் சுவரிலேயே படிந்து சொட்டும். குழாய் உள்பக்கம் சாய்ந்திருந்தால் சொட்டு முழுவதும் கீசருக்கே திரும்பும். வெயில் நாளில் நாலு பேர் குளித்து முடித்த பிறகு ஈரம் தெரிந்தால் அது இந்தத் தண்ணீர். யாரும் தங்காத நாளில், கீசரைத் தொடாமலே மழைக்குப் பின் ஈரம் தெரிந்தால் அது வெளியிலிருந்து வருவது.

உள்ளே படியும் தண்ணீருக்கு வைத்தியம் எளிது. குழாயை முடிந்தவரை குட்டையாக்கி, வெளிப்பக்கம் சாய்த்துப் பொருத்துங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 செ.மீ. இறக்கம் போதும். தேவையில்லாத எல்போவைக் கழற்றிவிடுங்கள். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் குழாய்தான் போட வேண்டும், பிவிசி கூடவே கூடாது. இங்கே சொல்வதெல்லாம் விசிறியும் புகைக்குழாயும் உள்ள கீசருக்கு மட்டும். குழாயே இல்லாத கீசர் குளியலறைக்குள் மாட்டியிருந்தால் ஒழுகலை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கும்.

மழைத் தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டால், எந்த வழியாக நுழைகிறது என்பதை ஹோஸ் பைப்பால் கண்டுபிடிக்கலாம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு, வெளியே ஒருவர் பைப்போடு. உள்பக்க மரச்சட்டத்தில் சாக்பீஸால் தீற்றி வையுங்கள். ஒரு துளி ஓடினாலும் கறுப்புக் கோடு விழும். தண்ணீரைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் 10 நிமிடம் தகட்டின் கீழ் விளிம்புக்கு மட்டும், பிறகு இரண்டு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியில் குழாய் வாய். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எங்கே ஓட்டை என்று தெரியாது. பவர் வாஷர் வேண்டாம். நல்ல சீலையும் அது பெயர்த்துவிடும், இல்லாத ஒழுகலை உண்டாக்கும்.

பெரும்பாலும் கோடு விழுவது மேல் விளிம்பைச் சோதிக்கும்போதுதான். சுவர் நெளிதகடு, மூடித்தகடோ தட்டை. தட்டைத் தகட்டை நெளிவின் மேல் வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஓடை திறந்தே இருக்கும். கூரையிலிருந்து சுவர் வழியே இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நேராக ஓடிவந்து தகட்டுக்குப் பின்னால் போகிறது. இதைப் பார்த்ததும் வழக்கமாகச் செய்வது நாலு பக்கமும் சிலிக்கான் அடிப்பது. அங்கேதான் வினை. மேலே மயிரிழை விரிசல் விட்டாலும் தண்ணீர் உள்ளே போகும், கீழே அடைத்திருப்பதால் வெளியே வர வழியில்லை. ஒழுகிக்கொண்டிருந்த தகடு தொட்டியாகிறது. தண்ணீர் தேங்கித் தேங்கி, கடைசியில் துளை வழியாக அறைக்குள் இறங்குகிறது. மேல் விளிம்பையும் இரண்டு பக்கங்களையும் அடைக்கலாம்; அடி விளிம்பைத் திறந்தே விட வேண்டும்.

அடி திறந்திருந்தால் சாரல் ஏறாதா என்ற கேள்வி நியாயமானது. பள்ளத்தாக்கு விளிம்பில் இருக்கும் கேபின்களில் காற்று சரிவில் மோதி மேலேறும்போது மழையையும் சேர்த்துத் தூக்கும். சுவரில் கீழிருந்து மேலே அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குத்தான் இரண்டு வரிசை சீல். வெளி வரிசை, தலைகீழ் ‘ப’ வடிவில்: மேல் விளிம்பும் இரண்டு பக்கங்களும். உள் வரிசை, துளையைச் சுற்றி முழு வளையமாக. கீழிருந்து ஏறும் சாரல் வளையத்தில் முட்டிக் கீழேயே இறங்கிவிடும்.

இனி வேலை. நாள் பார்த்துச் செய்யுங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்காட்டில் காய்ந்த காலம், கோடை மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம். அப்போதும் காலையில் தகடு பனியில் நனைந்துதான் இருக்கும். 11 மணிக்கு மேல், தகடு கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்போது தொடங்கி, 3 மணிக்குள் சீல் வேலையை முடியுங்கள். ஈரத் தகட்டில் எந்த சீலும் பிடிக்காது.

12 செ.மீ. சதுரத் துளைக்கு வேண்டியவை: 30 × 30 செ.மீ. அளவில் 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று, 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமனில் பியூட்டைல் டேப் (இறுகாமல் நெகிழ்ந்தே ஒட்டும் ரப்பர் நாடா) 3 மீட்டர். ரப்பர் வாஷரோடு 304 ஸ்டெயின்லெஸ் திருகு ஒரு டஜன். குழாய்க்கு வெளியே ஒரு விரல் இடைவெளியோடு நிற்கும் ஸ்டெயின்லெஸ் வளையம். இடைவெளியில் திணிக்கச் செராமிக் ஃபைபர் கயிறு. சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கான் ஒரு டியூப். சாதா நியூட்ரல் சிலிக்கான் 280 மி.லி. ஒன்று. சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் தகட்டின் மேல் ஒரு பாசம் உண்டு, தகட்டையும் அதிலேயே போட்டுவிடலாமா என்பார்கள். கால்வனைஸ் சுவரில் பெரிய ஸ்டெயின்லெஸ் தகடு பட்டு, நடுவில் ஈரமும் இருந்தால் சுவரின் துத்தநாகப் பூச்சுதான் அரிக்கும். தகடு அலுமினியம், திருகு மட்டும் ஸ்டெயின்லெஸ் என்றால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

சிலிக்கான் வாங்கும்போது ‘நியூட்ரல்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிதுக்கியதும் வினிகர் வாடை அடித்தால் அது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் போடுவது, கால்வனைஸ் தகட்டை அரிக்கும்.

சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி, கீசர் ஒரு மணி நேரம் ஆறட்டும். பழைய மூடியைக் கழற்றி, பழைய சிலிக்கானை முழுக்க வழித்தெடுங்கள். பழையதன் மேல் புதிய சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. தீர்ந்துபோன ஏடிஎம் கார்டு நல்ல சுரண்டி. பிறகு ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு முறை துடையுங்கள். சுவருக்குள் தெரியும் மரத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். சோற்றில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெறிந்து ஐஎஸ் 710 தரக் குறியுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வையுங்கள். நனைந்த கண்ணாடிக் கம்பளியைக் காயவைத்து மறுபடி திணிக்க வேண்டாம். குழாய்க்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கீசரோடு வரும் கையேட்டில் இருக்கும், அதைக் குறைக்காதீர்கள்.

டேப்பை முதலில் நெளிவின் பள்ளங்களில்தான் வைக்க வேண்டும். பள்ளத்தின் ஆழத்துக்கு டேப்பைத் துண்டு துண்டாக அடுக்கி, மேட்டை விட 2 மி.மீ. உயரமாக வரும்படி விரலால் அழுத்துங்கள். அதன் மேல்தான் வெளி வரிசையும் உள் வளையமும் ஓடும். மூலையில் டேப்பை மடிக்காமல், வெட்டி ஒன்றின் மேல் ஒன்று 2 செ.மீ. ஏறும்படி ஒட்டுங்கள், மேல் துண்டு எப்போதும் பக்கத் துண்டின் மேல் வரட்டும், ஓட்டுக்கூரையில் ஓடு ஏறுவது மாதிரி. ஷிப்பிங் கன்டெய்னர் சுவரில் நெளிவு சுமார் 36 மி.மீ. ஆழம் இருக்கும், அதை டேப்பால் நிரப்ப முயல்வது காசுக்குக் கேடு. நெளிவின் வடிவத்துக்கு வெட்டிய இரும்புப் பட்டையால் சட்டம் வைத்து வெல்டிங் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்து, அந்தத் தட்டை முகத்தில் தகட்டைப் பொருத்துங்கள்.

தகட்டை வைத்த பிறகு திருகுகளை ஒரு பக்கமாக முடுக்கிக்கொண்டு போகாதீர்கள். எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில் முடுக்குங்கள். டேப் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். வாஷரின் ரப்பர் விளிம்புக்கு வெளியே பிதுங்கி நின்றால் அதிகம் முடுக்கியாயிற்று. ஒரு கோடை வெயிலில் அந்த ரப்பர் வெடிக்கும். மூன்று நாள் கழித்து பியூட்டைல் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அப்போது ஒவ்வொரு திருகுக்கும் கால் சுற்று. மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் நியூட்ரல் சிலிக்கானை மெல்லிய வரியாக இழுக்கலாம். அது டேப்பை வெயிலிலிருந்து காக்கத்தான். தண்ணீரை நிறுத்துவது டேப்.

குழாய்க்கும் ஸ்டெயின்லெஸ் வளையத்துக்கும் நடுவில் செராமிக் கயிறு, வெளி முகத்தில் மட்டும் சிவப்பு சிலிக்கான். அது இறுகியதும் கீசரை 15 நிமிடம் ஓடவிட்டு, டேப் இருக்கும் இடத்துக்கு மேலே தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் பியூட்டைல் இளகி வழியும். துளையையும் தகட்டையும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

தகட்டுக்கு மேலே ஒரு குட்டி சன்ஷேடு வைத்தால் பாதிச் சுமை குறையும். டிங்கரிடம் அலுமினியத்தை ‘ட’ போல மடிக்கச் சொல்லுங்கள்: சுவரோடு ஒட்டும் பட்டை 4 செ.மீ., வெளியே நீட்டும் பட்டை 4 செ.மீ., தகட்டை விட இரண்டு பக்கமும் 5 செ.மீ. கூடுதல் அகலம். முன் விளிம்பைக் கீழ்நோக்கி 1 செ.மீ. மடித்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டும், அடியில் ஒட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பாது. புகைவாய் இந்த சன்ஷேடுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை அடியில் சுழன்று திரும்பி உள்ளே வரும்.

குழாய் வாய்க்குள் சாரல் அடிக்கிறது என்றால் கீசர் கம்பெனியின் மூடித்தலையைத்தான் போட வேண்டும். கொசுவலை, துணி, தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் டப்பா எதுவும் வேண்டாம். அடைமழையில் பாலிதீன் கட்டிவைத்து, அடுத்த நாள் மறந்து கீசரைப் போடுவதுதான் மிக ஆபத்தானது. கேஸ் கசிந்தால் வாடை காட்டிக்கொடுக்கும், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையே இல்லை. வேலை முடிந்ததும் தீ நீலமாக எரிகிறதா பாருங்கள். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, கீசரை அணைத்துவிட்டு வழியைச் சரிபாருங்கள். ஆட்கள் தூங்கும் கேபினில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

சக்கரம் வைத்த கேரவனுக்கும் இதே முறைதான், ஹீட்டர் வென்ட் ஆனாலும் கீசர் வென்ட் ஆனாலும். ஒரு வித்தியாசம்: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டியின் உடம்பு முறுக்கிக்கொண்டே இருக்கும். இறுகிக் கல்லாகும் பட்டி எதுவும் அதில் நிற்காது, பியூட்டைல் போல நெகிழ்வதுதான் வேண்டும். திருகுகளையும் ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் தொட்டுப் பாருங்கள்.

கேபினில் செப்டம்பர் கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன் ஒரு முறை பார்த்தால் போதும். தகட்டின் அடி விளிம்பில் குச்சியை ஓட்டி மண்ணையும் இலையையும் தள்ளுங்கள், புகைவாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்: அடியில் இடைவெளியைப் பார்த்ததும் பட்டி வைத்து அடைக்கத்தான் அவர் கை முதலில் போகும்.