எலாஸ்டோகிராஃபில சதை விறைப்பு பாக்கியளா, மொதல்ல பாதம் எப்டி இருக்குன்னு பாருங்க

நான் மார்த்தாண்டம் பக்கம் பிசியோ. எங்ககிட்ட வர்றதுல பாதிப்பேர் குலசேகரம், பேச்சிப்பாறை சைடு ரப்பர் பால்வெட்டுக்காரங்க, விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்டக் கட்டிக்கிட்டு சரிவுல ஏறி இறங்கி மரம் மரமா நடக்குற ஆளுங்க, மீதி கடப்புறத்துல கரைமடி வலையக் கரைல நின்னு இழுக்குறவங்க. எல்லாருக்கும் ஒரே கதைதான், ஆடுசதை பிடிப்பு, குதிங்கால் நரம்பு வலி. அவங்க நரம்புன்னு சொல்றது அகில்லிஸ் டெண்டன், ஆடுசதைய குதிங்கால் எலும்போட சேக்குற தசைநாண். கையால அமுக்கிப் பாத்து 'டைட்'னு எழுதி எழுதி அலுத்துப்போய்தான் ரேடியாலஜி டாக்டர்கூட உக்காந்து ஷியர் வேவ் எலாஸ்டோகிராஃபி, அதாவது சதை எவ்வளவு விறைப்பா இருக்குன்னு அளக்குற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பாக்க ஆரம்பிச்சேன்.

பிசியோ பிள்ளைங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, புரோபை (உடம்புல வச்சு ஸ்கேன் பண்ற கைப்பிடி) நாமளே எடுத்து வைக்க முடியாது. 1994ல வந்த பிசிபிஎன்டிடி சட்டப்படி (கருவுல ஆணா பெண்ணான்னு பாக்குறதத் தடுக்குற சட்டம்) பதிவு பண்ணின இடத்துல, தகுதியுள்ள டாக்டர்தான் ஸ்கேன் எடுக்கணும். நம்ம வேலை ஆளப் படுக்க வைக்குறது, மூட்டக் கோணம் பாத்து நிறுத்துறது, எழுதிவைக்குறது. சின்ன வேலைன்னு நெனைக்காதீங்க, பாதி தப்பு அங்கதான் நடக்குது.

மெஷின் என்ன செய்யுதுன்னா புரோப் உள்ள ஒரு சவுண்ட் தள்ளு குடுக்கும், சதைக்குள்ள ஒரு அலை பக்கவாட்டுல ஓடும், அது எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்து கணக்குப் போடும். துணி காயப்போடுற கயித்தத் தட்டிப் பாருங்க, இழுத்துக் கட்டினதுல அதிர்வு சட்டுனு மறுமுனைக்குப் போவும், தொய்ஞ்சு கிடந்தா பையத்தான் போவும், அதே சங்கதிதான். அந்தக் கயித்த இங்க இழுத்துக் கட்டுறது யாருன்னா கணுக்கால்.

இத நான் அடிபட்டுதான் படிச்சேன். ஒரு பால்வெட்டுக்காரருக்கு ரெண்டு வாரம் ஸ்ட்ரெச்சிங் குடுத்துட்டு திரும்ப அளந்தா நம்பர் கூடியிருக்கு! கடைசில பாத்தா மொத தடவ பாதம் கட்டில் நுனிக்கு வெளிய தொங்கிக் கிடந்துச்சு, ரெண்டாவது தடவ நான் நல்ல பிள்ளை மாதிரி பலகை வச்சு 90 டிகிரில நிறுத்திட்டேன். சதை மாறல, கோணம்தான் மாறிச்சு.

அதனால குப்புறப் படுக்க வைங்க, முட்டிய நேரா வைங்க (ஆடுசதைல மேல உள்ள கேஸ்ட்ராக்னீமியஸ் முட்டியத் தாண்டிப் போற சதை, முட்டி மடங்கினா அதுவும் தொய்ஞ்சிரும்), கோனியோமீட்டர்ங்குற கோணமானி வச்சுப் பாதக் கோணத்த அளந்து எழுதுங்க, பலகைல கட்டி நிறுத்துங்க. ஒரு அஞ்சு பத்து நிமிஷம் சும்மா கிடக்கட்டும், படி ஏறி வந்த மூச்சோட அளக்காதீங்க. ஏசி ரூம் குளிர்ல ஆளு விறைச்சிட்டுக் கிடப்பாரு, "அண்ணாச்சி, கால பைய தளத்தி விடுங்க"ன்னா "நான் ஒண்ணும் பிடிக்கல்லியே சாரே"ன்னுவாரு, ஆனா பெருவிரல் மேல தூக்கி நிக்கும். அந்த விரலப் பாருங்க, வாய நம்பாதீங்க. போர்வை ஒண்ணு போட்டு விட்டா பாதி பேருக்குத் தளந்துரும்.

புரோப் வைக்கும்போது டாக்டர் மொதல்ல குறுக்க வச்சு சதையக் கண்டுபிடிச்சு அப்புறம் நாரோட திசைக்குத் திருப்புவாங்க, ஸ்கிரீன்ல வெள்ளக் கோடுங்க அறுபடாம ஒரு பக்கத்துலருந்து மறுபக்கம் ஓடணும், நடுவுல அறுந்துச்சுன்னா சாய்வா வெட்டுறீங்க, வேகம் தப்பா வரும். ஜெல்ல கஞ்சத்தனம் வேண்டாம். தோலுக்கு மேல கறுப்பா ஜெல் பட்டை ஒண்ணு படத்துல தெரியணும், அது காணாமப் போனா அமுக்கிட்டீங்கன்னு அர்த்தம், அமுக்கின சதை கூடுதலா விறைப்புக் காட்டும். கலர் நிலைக்குற வரைக்கும் சில செகண்ட் கைய அசைக்காம இருந்துட்டு ஃப்ரீஸ் பண்ணணும். அளக்குற வட்டத்த சதைக்குள்ளயே வைங்க, மேல உள்ள ஃபேசியாங்குற சவ்வு, கீழ உள்ள எலும்பு எதுலயும் படப்பிடாது. மூணுலருந்து அஞ்சு தடவ எடுத்து சராசரி போடுங்க, அதுல ஒண்ணு மட்டும் எங்கயோ தள்ளி நின்னா புரோப் நழுவிச்சான்னு படத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நம்பர்ல ஒரு பெரிய குழி இருக்கு. அலை செகண்டுக்கு 2 மீட்டர் ஓடிச்சுன்னு வைங்க, அத விறைப்பு அளவா மாத்த ரெண்டு கணக்கு இருக்கு, ஷியர் மாடுலஸ்னு போட்டா 4 கிலோபாஸ்கல், யங் மாடுலஸ்னு போட்டா 12. ஒரே கால், ஒரே அலை, செட்டிங்தான் வேற! அந்த மூணு மடங்கு எல்லா திசைலயும் ஒரே மாதிரி இருக்குற பொருளுக்குள்ள கணக்கு, நாராப் போற சதைக்கும் டெண்டனுக்கும் அது சரிப்படாது, அதனால நான் மீட்டர் செகண்ட்லயே எழுதிருவேன். கலரையும் நம்பாதீங்க, பெரும்பாலும் சிவப்புன்னா விறைப்பு, சில மெஷின்ல தலைகீழ், ஓரத்துல உள்ள பட்டையப் பாத்துட்டுப் பேசுங்க.

டெண்டன் இன்னும் சேட்டை. பாதம் 90 டிகிரில நின்னா அகில்லிஸ்ல அலை ஓடுற வேகம் சில மெஷினோட உச்ச அளவையே தொட்டுரும், ஸ்கிரீன்ல உள்ள கலர்ப் பெட்டி பூரா சிவப்பா நிக்கும், இல்லன்னா கலரே நிரம்பாது. பாதத்த கீழ்ப்பக்கம் சாய்ச்சு கொஞ்சம் தொய்ய விட்டுட்டு அளங்க. கெட்டுப்போன டெண்டன் விறைப்பா காட்டும்னு நெனைப்போம், ஆனா நாள்பட்ட வலி உள்ள அகில்லிஸ் பலதும் மெதுவாத்தான் காட்டும், அதனால கூடினா கெட்டது குறைஞ்சா நல்லதுன்னு அடிச்சு விடாதீங்க. வலி இல்லாத காலையும் அதே கோணத்துல எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க.

சீட்டுல நான் எழுதுறது இவ்வளவுதான்: மெஷின் பேர், புரோப், முட்டி கோணம், பாதக் கோணம், எந்தச் சதை, முட்டிலருந்து எத்தன சென்டிமீட்டர் கீழ, எத்தன தடவ, மீட்டர் செகண்டா கிலோபாஸ்கலா, காலைலயா வேலை முடிஞ்சா. அந்த பால்வெட்டுக்காரர அதே தொங்கின கோணத்துல திரும்ப எடுத்தோம், நம்பர் லேசா இறங்கித்தான் இருந்துச்சு. "அப்போ இந்த ரெண்டு வாரமும் என்னைய சும்மா பேடிப்படுத்துனீங்களா சாரே"ன்னு கேட்டாரு.